ஒறமொறைக்கு ஏது வாடகை

சின்னம்மா அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இட்லி மாவுப் பாக்கெட்டுகள் அடுக்கிய ஒயர் கூடையை எங்கள் சமையல் மேடைமீது வைத்தவள், அப்படியே ஃபிரிட்ஜில் சாய்ந்துகொண்டு, முந்தானையால் வாயைப் பொத்திப் பொத்திச் சிரித்தாள். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. என்ன ஆச்சு என்று கேட்டால், இரு இரு என்று கையை ஆட்டுகிறாள். கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்.

“சர்வேக்காரி வந்திருந்தாடி. போன கைல வச்சிக்கினு, சொந்த வூடா, வாடகையான்னு கேட்டா. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள வூட்டுக்காரம்மா ஓடியாந்து, ‘வாடகையெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, இவங்க எங்களுக்கு ஒறமொற, சும்மாதான் கீறாங்க’ன்னாங்க. நானும் ஆமாம்மா, எனக்கு அக்கா மொறன்னுட்டேன். அதுகூட போவட்டும். மாடில கீறானுங்களே கம்பெனிக்குப் போற இந்திக்காரப் பசங்க, அவனுங்களயும் ஒறமொறன்னுட்டாங்கடி! அந்தப் பொண்ணு நிமுந்து அவனுங்கள ஒருக்கா பாத்துது, என்ன ஒருக்கா பாத்துது. அப்பறம் போன்ல எதையோ தட்டிக்கினு போயிட்டுது.”

நானும் சிரித்தேன். எந்த மாநிலம் என்றுகூடத் தெரியாத நான்கு பையன்கள் ஒதியம்பட்டில் ஒரு அம்மாளுக்கு உறவாகிவிட்டால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? வீட்டு வரி போடத்தான் கணக்கெடுக்கிறார்கள் என்று வீட்டுக்காரம்மா பயந்துபோய், குடித்தனக்காரர்களை எல்லாம் முதல் நாளே கூப்பிட்டுச் சொல்லி வைத்தாராம். அந்தத் தெருவில் மற்ற வீட்டுக்காரர்களும் அதையே செய்திருந்தார்கள். சின்னம்மா எனக்கு இரண்டு பாக்கெட் மாவைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை விற்கக் கிளம்பிப் போனாள். கேட்டுக்கு வெளியே போன பிறகும் சிரிப்புச் சத்தம் கேட்டது.

சின்னம்மா என்றால் என் அம்மாவின் தங்கை. பாகூர் பக்கத்தில் அரசு கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடுகளில் ஒன்றில் வெகு காலம் இருந்தாள். சித்தப்பா கரும்பு வெட்டப் போவார், அவர் இறந்ததும் அதே வீட்டில் தனியாக இருந்தாள். ஒரே மகளைக் கடலூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. ஒரு மழைக்காலத்தில் அந்த வரிசையில் ஒரு வீட்டின் கூரை பெயர்ந்து விழுந்தது. யாருக்கும் அடி படவில்லை. ஆனால் அதிகாரிகள் வந்து பார்த்து, முழு வரிசையுமே இருக்க லாயக்கில்லை என்று எழுதி இடித்துவிட்டார்கள். அதே இடத்தில் அடுக்குமாடி கட்டித் தருவதாகவும், கட்டி முடிக்கும் வரை மாதா மாதம் வாடகை உதவி தருவதாகவும் சொன்னார்கள். அந்த உதவியைக் கவனிக்கும் பிரிவில்தான் நான் எழுத்தர் வேலை பார்க்கிறேன். வில்லியனூரில் நான் இருப்பதால், எனக்குக் கிட்ட இருக்கட்டும் என்று ஒதியம்பட்டில் வீடு பார்த்துக் கொடுத்ததும் நான்தான்.

வீடு என்றால், ஒரு சொல்தா வீட்டின் பின்கட்டில் ஓர் அறையும் அடுப்படியும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். அந்தச் சொல்தா இறந்துபோய், அவர் மனைவி பென்ஷனில் இருந்தார். மாதா கோயிலுக்குத் தவறாமல் போகிற அம்மா. நல்லவர்தான். சின்னம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்திருக்கிறார். ஆனால் பின்கட்டுக்கு ஒரு சப் மீட்டர் வைத்திருந்தார். அதில் ஓடுகிற யூனிட்டுக்குக் காசு என்ன என்பதை அரசாங்கம் தீர்மானிக்கவில்லை, அவர்தான் தீர்மானித்தார். மோட்டார் தண்ணீருக்குத் தனி. சின்னம்மாவுக்குக் கரண்ட் என்பது விளக்கும் மின்விசிறியும் மட்டும் இல்லை. அவள் சோறு தின்பதே கிரைண்டர் ஓடினால்தான். அரிசியும் உளுந்தும் விலை ஏறினால் பாக்கெட்டுக்குக் கொஞ்சம் ஏற்றலாம், ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டு வாங்குவார்கள். யூனிட்டுக்கு ஏறினதை யாரிடம் ஏற்றுவது?

முதலில் உதவித் தொகை வாடகைக்குச் சரியாக இருந்தது. பிறகு வாடகை ஏறியது, தொகை ஏறவில்லை. பக்கத்தில் கம்பெனிகள் பெருகின. வெளி மாநிலத்துப் பையன்கள் ஓர் அறையில் நான்கைந்து பேராகத் தங்கி, ஆளுக்கு இவ்வளவு என்று கொடுத்தார்கள். ஒரு குடும்பம் கொடுப்பதைவிட அது எப்போதும் அதிகம். டவுனில் வாடகை கட்டுப்படியாகாதவர்கள் எல்லாம் வில்லியனூர்ப் பக்கம் வந்தார்கள், இங்கேயும் ஏற்றிவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். எங்கள் அலுவலகத்தில் இதெல்லாம் தெரியாமல் இல்லை. வருடா வருடம் தொகையை மறு நிர்ணயம் செய்யும் கோப்பு ஒன்று நகரும். நகரத்துக்கு ஒரு தொகை, சுற்றுக் கிராமங்களைச் சேர்த்த கொம்யூன்களுக்கு ஒரு தொகை. நகரத்துத் தொகை மட்டும் அவ்வப்போது கொஞ்சம் ஏறும். கொம்யூன் என்று வந்தால், கிராமம்தானே, வாடகை என்ன பெரிதாக இருக்கப் போகிறது என்று ஒரு வரி எழுதிப் பழைய தொகையையே வைத்துவிடுவார்கள். அந்த வரியை நானே பல முறை தட்டச்சு செய்திருக்கிறேன். கை தட்டும், மனசு எங்கேயாவது இருக்கும். அலுவலக வேலையில் முதலில் தேய்ந்து போவது கோபம்தான்.

சின்னம்மா சிரித்த அந்த வருடம்தான் யாரோ புத்திசாலி, இப்படிக் குத்துமதிப்பாக எழுதக் கூடாது, கொம்யூன்களில் உண்மையான வாடகையும் கரண்ட் செலவும் என்ன என்று வீடு வீடாகக் கேட்டு, அதன்படி தொகையை உயர்த்தலாம் என்று சொல்லியிருக்கிறார். நல்ல யோசனை. வெளியாட்களிடம் ஒப்பந்தம் விட்டார்கள். அவர்கள் ஆள் வைத்துக் கேட்டார்கள். எதற்குக் கேட்கிறோம் என்று சொல்லாமல் கேட்பது எங்கள் வழக்கம், அதை அவர்களும் கடைப்பிடித்தார்கள். எங்கள் பிரிவுக்கே முடிவு வந்த பிறகுதான் தெரியும். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் கண்காணிப்பாளர் என் மேசைக்கு வந்தார்.

“உங்க ஊர்ப் பக்கம் வாடகைக்கே ஆள் இல்லியாமேம்மா. பாதிப் பேரு சொந்தக்காரங்க வூட்ல சும்மா இருக்காங்களாம். பேசாம நானும் டவுன காலி பண்ணிக்கினு வில்லியனூருக்கு வந்துடட்டுமா? யாராவது ஒறமொறயா சேத்துப்பாங்க போல.”

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். நான் தாளை வாங்கிப் பார்த்தேன். வாடகை என்ற இடத்தில் தெருத் தெருவாக ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாதவர்களையும் சேர்த்து வகுத்தால் சராசரி எங்கே போகும்? கொம்யூன்களில் வாடகை ஏறவில்லை, குறைந்திருக்கிறது என்று வந்திருந்தது. எந்தத் தொகையை உயர்த்துவதற்காகக் கேட்டார்களோ, அதை உயர்த்த வேண்டாம் என்பதற்கு எங்கள் ஜனங்களே சாட்சி சொல்லிவிட்டார்கள். வீட்டுக்காரர்கள் வரிக்குப் பயந்து சொல்லச் சொன்னார்கள், குடித்தனக்காரர்கள் வீட்டுக்காரர்களுக்குப் பயந்து சொன்னார்கள் என்று அவரிடம் விளக்கினேன். என் சின்னம்மா வீட்டிலேயே நடந்தது என்றும் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முழுக்கக் கேட்டார். கெட்டவர் இல்லை அவர்.

“புரியுதும்மா. ஆனா அவங்களே வாயால சொன்னத, பொய்யின்னு நாம எப்பிடி எழுதறது? ஒங்க சின்னம்மாவ வேற சொல்றீங்க. சொந்தக்காரங்களுக்காகப் பேசறாங்கம்பாங்க. நீங்க ஒதுங்கி இருங்க, நான் ஒரு குறிப்பு எழுதி வெக்கறேன்.”

எழுதித்தான் வைத்தார். ஆதாரத்துடன் சமர்ப்பிக்கவும் என்று திரும்பி வந்தது. நகரத்துக்குத் தொகை உயர்ந்தது, கொம்யூன்களுக்குப் பழையதே என்று உத்தரவு ஆயிற்று. அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. வாடகை உதவி வாங்கிக்கொண்டே வாடகை இல்லை என்று சொன்னவர்கள் யார் யார் என்று சர்வேயில் குறித்திருந்த குடும்ப அட்டை எண்ணை வைத்துத் தேடி எடுத்து, அவர்களுக்கு உதவியை நிறுத்தி வைத்தார்கள். வீட்டுக்காரரிடம் வாடகைச் சீட்டு எழுதி வாங்கிக் கொடுத்தால் மறுபடி கிடைக்கும். சின்னம்மாவின் பெயரும் அதில் இருந்தது.

போய்ச் சொன்னபோது அவள் உளுந்து கழுவிக்கொண்டிருந்தாள். சொன்னதை முதலில் நம்பவில்லை. பிறகு கையை உதறிவிட்டு எழுந்தாள். வீட்டுக்காரம்மாமேல் கோபப்படுவாள் என்று நினைத்தேன், என்மேல்தான் கோபப்பட்டாள். “நீ அங்கதானடி வேல செய்யற? ஒனக்கே தெரியாம ஒரு சர்வேவா? வரிக்கா, வாடக ஏத்திக் குடுக்கறதுக்கான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஏன்டி பொய் சொல்லப் போறேன்?”

இரண்டு பேருமாக வீட்டுக்காரம்மாவிடம் போனோம். காபி கொடுத்தார். வாடகைச் சீட்டு என்றதும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

“எத வேணா கேளும்மா, கையெழுத்து மட்டும் கேக்காத. வாடகைக்கு வுட்டுக்கீறேன்னு எழுதிக் குடுத்தா வரி ஒரு பக்கம் வரும். கரண்ட வேற கடைக்குப் போடற மாதிரி போட்ருவாங்களாம். எனக்கு மட்டும் கரண்ட் சும்மாவா வருது? பென்ஷன் பென்ஷன்னு எல்லாரும் பேசறாங்க, மருந்துக்கே சரியாப் போவுது. ஒங்க சின்னம்மாவ நான் வேத்து ஆளாவா பாக்கறேன்? கூடப் பொறந்தவ மாதிரிதான் வச்சிருக்கேன்.” கொஞ்சம் நிறுத்திக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “அதுக்காக வாடகைய வுட முடியுமா, நீயே சொல்லு.”

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் கஷ்டம். திட்டிவிட்டு வர ஓர் ஆள் கிடைத்திருந்தால் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். வெளியே வந்ததும் சின்னம்மா, “அவங்களச் சொல்லி குத்தமில்லடி” என்றாள். எனக்கு அந்தப் பெருந்தன்மைகூட அலுப்பாக இருந்தது. யாரைச் சொல்லியும் குற்றமில்லாத ஒரு காரியத்தில் ஒரு பெண்பிள்ளைக்கு வீடு போகப் போகிறது.

அதன் பிறகு உதவித் தொகை இல்லாமல், மாவு விற்ற காசையும் விதவைப் பென்ஷனையும் வைத்து வாடகை கொடுத்தாள். என்னிடம் வாங்கிக்கொள் என்றால் மாட்டேன் என்றாள். மகளிடம் கேட்கக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வேறு வாங்கிக்கொண்டாள். யூனிட்டுக்கு மறுபடி ஏற்றினார் வீட்டுக்காரம்மா. கிரைண்டரை ஓட்டினால் லாபம் கரண்டுக்குப் போகிறது, ஓட்டாவிட்டால் வாடகைக்கு வழி இல்லை. மாவைக் குறைத்தாள், வாடிக்கை குறைந்தது. மாடிப் பையன்களில் ஒருவன் தன் ஊரிலிருந்து இன்னும் ஆட்களைக் கூட்டி வருவதாகவும், பின்கட்டையும் கேட்பதாகவும் பேச்சு வந்தது. வீட்டுக்காரம்மா விரட்டவில்லை. ஆடியில் யாரும் வீடு மாறமாட்டார்கள் இல்லையா, அதனால் ஆவணி பிறக்கட்டும், அதற்குள் பார்த்துக்கொள் என்று மரியாதையாகவே சொன்னார். ஆவணியில் கிரைண்டரை ஒரு மாவுக் கடைக்கு விற்றுவிட்டு, பீரோவும் இரண்டு மூட்டையுமாகச் சின்னம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள். புது வீடு கட்டுகிற இடத்தில் அப்போது தூண்கள்தான் நின்றன. இப்போது ஒரு தளம் வரை வந்திருக்கிறது.

எங்கள் வீட்டுப் பின்னறையைக் கொடுத்தோம். கடன் வாங்கிக் கட்டிய வீடு, பெரியது ஒன்றும் இல்லை, ஆனால் அந்த அறை சும்மாதான் கிடந்தது. வந்த நாளிலிருந்து அவள் விருந்தாளியும் இல்லை, வீட்டு ஆளும் இல்லை. நாங்கள் எழுவதற்குள் வாசல் தெளித்திருக்கும், பாத்திரம் துலக்கியிருக்கும். இன்னொரு தோசை என்றால் போதும் என்பாள். அக்கம்பக்கத்தில் யாராவது விசாரித்தால், நான் பதில் சொல்வதற்கு முன்பே, “வூடு ரெடியாவுதும்மா, அடுத்த மாசம் போயிடுவேன்” என்பாள். அந்த அடுத்த மாதம் எத்தனையோ முறை வந்து போயிற்று. ஒதியம்பட்டில் தன் அறையில் அவள் இப்படி இருந்ததில்லை. அங்கே போனால் சத்தமாகப் பேசுவாள், என்னை அதட்டுவாள், கிரைண்டர் சத்தத்துக்கு மேலே பழைய பாட்டுப் பாடுவாள்.

என் கணவர் ஒரு சாயங்காலம் கரண்ட் பில்லைப் பார்த்துவிட்டு, “என்ன, இந்த தடவ இவ்ளோ வந்திருக்கு?” என்றார். எல்லா வீட்டிலும் எல்லா ஆண்களும் சொல்வதுதான். அவர் மனதில் ஒன்றும் இல்லை, அடுத்த நிமிடம் மறந்துவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டார். சின்னம்மா மறக்கவில்லை. கத்திரி வெயில் நேரம். உடம்பு சரியில்லை என்று ஒரு மதியம் அரை நாள் விடுப்பில் வந்தேன். பின்னறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒரு காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். ரவிக்கை முழுக்க நனைந்திருந்தது. ஏன் இப்படி என்றதற்கு, “ஃபேன் காத்து எனக்கு ஒத்துக்கலடி, ஒடம்பு வலிக்குது” என்றாள். நான் சுவிட்சைப் போட்டுவிட்டு வந்தேன். சமையலறை வரைகூட வந்திருக்க மாட்டேன், அது நிற்கிற சத்தம் கேட்டது. எனக்கு வந்த அழுகையில் எவ்வளவு அவளுக்காக, எவ்வளவு என் அலுப்புக்காக என்று பிரித்துச் சொல்ல முடியாது. அலுவலகத்தில் அந்த மாதம் நான் செய்துகொண்டிருந்த வேலை, கொம்யூன் வீடுகளின் மின்சாரச் செலவைத் தனியாகப் பிரித்துக் காட்டுவது.

ஆமாம், கோப்பு மறுபடி நகர்ந்திருந்தது. நிறையப் பேருக்கு உதவி நின்றுபோய், நிறையப் பேர் வந்து சத்தம் போட்டார்கள். இந்த முறை எதற்குக் கேட்கிறோம் என்று சொல்லிக் கேட்டார்கள். வீட்டுக்காரர்களை விட்டுவிட்டு, குடித்தனக்காரர்களைத் தனியாகக் கேட்டார்கள். வாடகை வேறு, கரண்ட் வேறு, தண்ணீர் வேறு என்று கேட்டார்கள். ஜனங்கள் உண்மையைச் சொன்னார்கள். இப்போது உத்தரவு வந்துவிட்டது. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களுக்கும் தொகை உயர்ந்திருக்கிறது, கரண்டுக்கென்று தனியாக ஒரு தொகை சேர்ந்திருக்கிறது. பிரதியை ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட்டது நான்தான். சந்தோஷப்பட்டேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஆதாரம் கொடுக்காதவர்களின் உதவி எப்போதோ ரத்தாகியிருந்தது. புதிதாக விண்ணப்பிக்க வேண்டுமானால் வாடகை வீட்டில் இருக்க வேண்டும். சின்னம்மா வாடகை வீட்டில் இல்லை. சொந்தக்காரர் வீட்டில் சும்மா இருக்கிறாள். அன்று அவள் சொன்ன பொய்யை இன்று நான் உண்மையாக்கி வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் வந்து சொன்னேன். முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“அப்ப ஒதியம்பட்டுக்கும் ஏத்திட்டாங்களா?”

“ஏத்திட்டாங்க.”

“கரண்டுக்கு?”

“கரண்டுக்குத் தனியா.”

“நல்லாத்தான் போட்டுக்கீறாங்க. எவ்ளோ பேருக்கு ஒதவும்” என்றாள். அதில் குத்தல் எதுவும் இல்லை. உருவி முடித்துக் காம்புகளை வாரிக் குப்பையில் போட்டாள். கை கழுவிக்கொண்டு பின்னறைக்குப் போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவள் கையில், அன்று காலை எடுத்து வந்த பென்ஷன் பணத்தில் ஒரு பங்கு மடித்து இருந்தது. என்னிடம் நீட்டினாள். இந்த மாசத்துக்கு, என்றாள்.

“இன்னா சின்னம்மா இது? ஒறமொறைக்கு ஏது வாடக?” என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் அதுதான் வந்தது.

அவள் முகத்தில் ஒதியம்பட்டுச் சின்னம்மா தெரிந்தாள். “அந்த வார்த்தய மட்டும் சொல்லாதடி. அதச் சொல்லித்தான் எனக்கு ஒரு வூடு போச்சு. ஒறமொறன்னா ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கினே இருக்கணும். வாடகன்னா குடுத்துட்டு, நம்ம பாட்டுக்குக் கெடக்கலாம். புடி.”

கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் திரும்பிப் பார்த்தார். வாங்காதே என்று கண்ணால் சொன்னார். வாங்காமல் இருப்பதுதான் முறை, எனக்கும் தெரியும். ஊரில் யார் கேட்டாலும் காறித் துப்புவார்கள். நான் கை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

அவள் அங்கேயே நின்றாள். “கரண்டு இதுல சேத்தியா, தனியா?”

“சேத்திதான்” என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுப் பின்னறைக்குப் போனாள். சுவிட்ச் போடுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் பொறுத்து எட்டிப் பார்த்தேன். மின்விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் கீழே சின்னம்மா கையைக் காலை நீட்டிப் படுத்து, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.